கடன் கிடைக்கிறது, கணக்கு இல்லை

தமிழ்நாட்டுக் கைவினைஞர்களுக்கு உதவ அரசுத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023இல் வந்தது. பிள்ளைகளைக் குலத்தொழிலிலேயே முடக்கிவிடும் என்று அதை மறுத்த மாநில அரசு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள்; 3 லட்சம் ரூபாய் வரை கடன்; அதில் கால்பங்கு, 50,000 ரூபாய்க்கு மிகாமல், மானியம். குறைந்தபட்ச வயதை 18க்குப் பதில் 35 என்று வைத்தது நல்ல திருத்தம். ஆனால் கையில் முதல் இல்லாததுதான் குறை என்று இரண்டு திட்டங்களுமே எடுத்துக்கொள்கின்றன.

வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலைக்குப் போய்ப் பார்த்தால் அது பாதி உண்மை என்று தெரியும். தென்னை ஓலையை மடித்து அளவெடுத்து, தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒரு கூட்டுக்கு ஒரே சிலை. பிறகுதான் நாள்கணக்கில் உளிவேலை. உலோகத்துக்குப் பணம் போடுபவர் பட்டறைக்காரர்; உளி பிடிப்பவர்களில் பலர் கூலிக்கு வருபவர்கள். தொழிற்கடன் முன்னவருக்கு உதவும். பின்னவருக்கு வேண்டியது கூலி உயர்வு. அதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

ஆதரவு புதிதல்ல. 1952இல் அகில இந்தியக் கைவினை வாரியம், 1957இல் மாமல்லபுரத்துச் சிற்பப் பள்ளி, 1973இல் கைவினைப் பொருள்களுக்கான மாநில அரசின் பூம்புகார் நிறுவனம் என்று வரிசை நீளும். புவிசார் குறியீடும் பிறகு சேர்ந்தது: காஞ்சிப் பட்டு, தஞ்சாவூர் ஓவியம், பத்தமடைப் பாய். பெயருக்குக் காவல் கிடைத்தது உண்மை; விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவரைக் கடைவீதியில் யார் தடுக்கிறார்கள்?

ஆராய்ச்சிப் பக்கத்தில் சிறந்த முயற்சி பழையது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஆணையர் அசோக் மித்ரா, தலைகளை எண்ணியதோடு நிற்காமல், கிராமங்களைப் பற்றியும் கைத்தொழில்களைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதவைத்தார். சென்னை மாநிலத்தில் அப்பணி பி.கே. நம்பியார் பொறுப்பில் நடந்தது. கருவி, மூலப்பொருள், செய்முறை, சந்தை, தொழிலாளியின் வாழ்நிலை என எல்லாவற்றையும் நேரில் போய்க் கேட்டு எழுதினார்கள். அரசு அறிக்கை என்றாலே கொட்டாவி விடுபவர்களும் அவற்றில் ஒன்றை எடுத்துப் புரட்டலாம்.

கைத்தறிக்கு மட்டும் முறையான கணக்கு தொடர்கிறது. 2009-10இல் நாடு முழுவதும் 43.31 லட்சமாக இருந்த தறித்தொழிலாளர்கள் 2019-20இல் 35.22 லட்சமானார்கள். எண்ணியதால்தான் இந்தச் சரிவாவது தெரிந்தது. சிற்பிக்கும் பாய் முடைபவருக்கும் இப்படித் தொடர்ந்து எடுக்கப்படும் கணக்கு இல்லை. பயனாளிகள் இத்தனை பேர், கடன் இத்தனை கோடி என்ற பட்டியலோ அலுவலகத்தின் வேலையைத்தான் காட்டும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல் நடக்கவிருக்கிறது. அதையொட்டி, புவிசார் குறியீடு பெற்ற ஊர்களிலாவது பட்டறை பட்டறையாக ஓர் ஆய்வை மாநில அரசு தன் செலவில் நடத்த வேண்டும். முதல் கேள்வி கூலியைப் பற்றியதாக இருக்கட்டும்.