ஆங்கிலத்தில் ‘அமோக்’ என்னும் சொல்லாட்சி

கட்டுக்கடங்காத வெறியால் கண்டாரையெல்லாம் தாக்குதலைக் குறிக்க ஆங்கிலத்தார் வழங்கும் சொற்களுள் ‘அமோக்’ என்பது ஒன்று. அச்சொல் மலாய் மொழியினின்று சென்றதாகும். அது சென்ற வழியையும், வழியில் இழந்த பொருளையும் ஈண்டு ஆராய்வாம்.

மலாயில் ‘அமுக்’ என்பதே அடிச்சொல். ‘மெங்அமுக்’ என்பது அதன் வினை. பழைய மலாய்க் கதைநூல்களில், தன்னுயிரைப் பொருட்படுத்தாது பகைவர் நடுவே பாயும் மறவன் செயலை இவ்வினை குறிக்கும். ஹங் துவாவின் கதையில், நண்பன் தவறின்றிக் கொலைத்தண்டம் பெற்றான் எனக் கருதி அரசனை எதிர்த்துக் கிளர்ந்த ஹங் ஜெபாட் நிகழ்த்தும் கொலைகளும் இச்சொல்லாற் சுட்டப்படுவன. ஆண்டு மறமும் குற்றமும் ஒருங்கே நிற்கின்றன. நூல்வழக்கில் இச்சொல் நோயின் பெயரன்று.

ஐரோப்பியருக்கு இதனை முதலில் அறிவித்தோர் போர்த்துக்கேயர். 1516ஆம் ஆண்டளவில் எழுதிய துவார்த்தே பார்போசா, சாவக மக்களைப் பற்றிக் கூறுமிடத்து இதனை விளக்குகிறார். கடும்பிணியுற்றார் சிலர், பிணி தீருமாயின் இதனினும் சிறந்த இறப்பைத் தாமே நாடுவதாகக் கடவுளுக்கு நேர்ந்துகொள்வர். தீர்ந்தபின் குத்துவாள் ஏந்தித் தெருவிற் புறப்பட்டு எதிர்ப்பட்டாரைக் கொல்வர். இவரை ‘அமுக்கோ’ என்பர் என்பது அவர் கூற்று. ஈண்டு இரண்டு கருதத்தக்கன. இச்சொல் ஆளைக் குறிக்கும் பெயராக நிற்கிறது. அவன் செயலுக்கு மூலமாக வஞ்சினம் கூறப்படுகிறது.

மலையாளக் கரையில், அரசன் கொலையுண்டவிடத்துத் தாமும் மாள உறுதிபூண்ட நாயர் வீரரையும் போர்த்துக்கேயர் இப்பெயராலேயே வழங்கினர். திருநாவாயில் மாமாங்கத்தின்போது சாமூதிரியை எதிர்த்து மாண்ட சாவேற்றுப் படையினரும், சோழர்தம் வேளைக்காரரும், பாண்டியர்தம் ஆபத்துதவிகளும் இவ்வினத்தவரே. தொல்காப்பியர் வாகைத்திணையில் வைத்த அவிப்பலியும் இதனொடு ஒப்பவைத்து எண்ணற்பாலது.

இவ்வொப்புமை ஒரு மயக்கத்திற்கும் இடந்தந்துள்ளது. தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னலும் யூலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, போரெனப் பொருள்படும் ‘அமர்’ என்னும் அடியினின்று வந்த மலையாளச் சொல்லொன்றையும் இதற்கு மூலமாகக் கூடுவனவற்றுள் வைத்துக் காட்டுகிறது. ‘அமர்’ நம் சங்கச் சொல்லாதலின், இச்சொல்லைத் தமிழினதே எனத் துணியும் ஆர்வம் நம்மவர்க்கு எழுதல் இயல்பு. யாம் அதற்கு உடன்படோம். ரகர ஒற்று கெட்டதற்கும் அகரம் உகரமாய்த் திரிந்ததற்கும் காரணம் காட்டல் இயலாது. பிலிப்பைன் தீவு மொழிகளிலும் இதற்கு இனமான சொற்கள் உள்ளன. ஆகவே வழக்கம் இரு நிலத்துக்கும் பொது, சொல் மலாய்க்கே உரியது எனக் கொள்வதே நேரிது. பொருளொப்புமை கொண்டு சொற்பிறப்புக் காண்டல் நம் துறையில் இன்னும் ஒழியாத குறை.

ஆங்கிலத்தில் 1672இல் மார்வெலின் உரைநடையிலும், 1687இல் டிரைடன் செய்யுளிலும், 1733இல் போப்பின் அங்கதத்திலும் இச்சொல் வருகிறது. மூவரும் எழுத்துப் பூசலில் எதிர்ப்பட்டாரையெல்லாம் தாக்குதற்கே இதனை உவமையாக்கினர். ஆங்கிலத்தார் முதலில் நின்ற அகரத்தைத் தம் மொழியில் ஒருமை சுட்டும் முன்னடையாகப் பிரித்து, எஞ்சியதை ‘மக்’ என்றனர். ‘மக்’ என்பதற்கு அவர் மொழியில் சாணம், அழுக்கு என்பன பொருள். இதனால் சொல்லின் மதிப்பும் ஒருவாறு குன்றியது எனலாம். பின்னர் ‘ஓடு’ என்னும் வினையைச் சார்ந்தே நிற்கும் அடையாக அது ஒடுங்கிற்று. ஆளின் பெயராய் நின்ற சொல்லில் ஆள் மறைந்தான்.

குடியேற்றக் காலத்தில் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. 1773இல் வெளிவந்த குக்கின் பயண நூல் அபினி மயக்கத்தைக் காரணமாகக் கூறும். சுவெட்டன்ஹாம் 1895இலும், கிளிஃபோர்டு 1897இலும் வெளியிட்ட நூல்களில் இது மலாயர்தம் இயல்பை விளக்கும் பொருளாயிற்று. மருத்துவரும் இதனை ஏற்றனர். அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடு, குறித்த பண்பாட்டைச் சார்ந்த நோய்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பட்டியல் இல்லை.

வடபுல மறவர் பெயரான ‘பெர்செர்க்’ என்பதை இதனொடு வைத்து நோக்குக. அச்சொல்லை வால்டர் ஸ்காட் 1822ஆம் ஆண்டு நாவலில், கவசமின்றிப் பொருதோர் என்னும் விளக்கத்தோடு எடுத்தாண்டார். ஐரோப்பியன் வெறி பழம்பெருமையாகவும், மலாயன் வெறி பிணியாகவும் ஆங்கிலத்துள் புகுந்தன. செயல் ஏறத்தாழ ஒன்றே. நோக்கினார் கண்ணே வேறு.

இன்று இவ்வேறுபாடும் தேய்ந்துவிட்டது. மேற்பார்வையற்ற சிறுவர், கட்டுமீறிய செலவு, பிழைபட ஓடும் பொறி ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தார் இத்தொடரை ஆள்வர். இதனைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் ‘வெறியாட்டம்’ என்பர். வேலன் முருகற்கு ஆடிய ஆட்டமாயிருந்த அச்சொல்லும் இத்தகைய இழிபையே எய்தியுள்ளமையின், அது முற்றும் பொருந்தாதது அன்று. இன்றைய ஆங்கில வழக்கிற்குத் ‘தறிகெட்டு ஓடுதல்’ என்பதே எமக்கு ஏற்புடையது. பழைய மலாய் நூலைப் பெயர்ப்போர்க்கு இவ்விரண்டும் பயன்படா. அவர் ‘அமுக்’ என்றே எழுதிக் குறிப்புரை வரைதல் வேண்டும். ‘அமோக்’ என எழுதின், மிகுதிப் பொருளில் நாம் வழங்கும் ‘அமோகம்’ என்னும் வடசொல்லோடு மயங்கும்.