ஒரு டிரான்ஸ்மிட்டரைப் பதிப்பித்தல்

பழைய பொருள்களைப் புதுப்பிக்கும் காணொளிகளுக்கெல்லாம் ஒரே கதைதான். துருப்பிடித்த ஒன்று வரும், மணலடித்துச் சுத்தமாகும், பெயின்ட் ஏறும், கடைசியில் பளபளவென்று மேஜையில் உட்காரும். பார்க்கச் சுகமாகத்தான் இருக்கிறது. தையல் மிஷினுக்கும் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் அது சரிப்படலாம். கம்பெனியில் ஆயிரக்கணக்கில் செய்தவை. அசல் எப்படியிருந்தது என்று பார்க்க இன்னொன்று கிடைக்கும். ஒருவர் தன் வீட்டில் தானே கட்டிய வால்வு டிரான்ஸ்மிட்டருக்கும் அதே வைத்தியத்தைச் செய்யும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. அதற்கு இன்னொரு பிரதி கிடையாது. அந்த ஒன்றுதான் மூலம்.

அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது ‘ஹாம்’கள், அரசு உரிமம் வாங்கி, தேர்வு எழுதி, குறிப்பிட்ட அலைவரிசைகளில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்கள். இந்த ஊரில் அதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31 அன்று 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பு ஆரம்பம். 1927இல் பணமில்லாமல் மூடினார்கள். கருவி மாநகராட்சிக்குப் போய், 1930இல் மறுபடி ஒலிபரப்பு வந்தது. நம் வானொலி வரலாறுகள் இந்த நாள்களையும் வாட்டுகளையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எந்த வால்வு, காயிலை எதில் சுற்றினார்கள், மின்சாரத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பதெல்லாம் இலக்கியமாகாத விஷயங்கள் போலும். எனக்கு அங்கேதான் கதையே இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் இந்தியாவில் அமெச்சூர் உரிமங்களை ரத்து செய்தார்கள். போர் முடிந்தபின் ராணுவத்தின் மிச்சச் சரக்கு உலகெங்கும் சந்தைக்கு வந்தது. 807 என்ற வால்வு அப்படித்தான் ஏழை ஹாம்களின் செல்லப்பிள்ளை ஆனது. உச்சந்தலையில் ஓர் உலோகத் தொப்பி, அதில் 600 வோல்ட். முன்னால் ஒரு சின்ன வால்வும் குவார்ட்ஸ் கிரிஸ்டலும் சேர்ந்து அலையை உண்டாக்கும். 807 அதைப் பெருக்கி ஏரியலுக்கு அனுப்பும். இவ்வளவுதான் சர்க்யூட். ஒரு தாளில் வரைந்துவிடலாம். ஆனால் அதே தாளை வைத்துப் பத்துப் பேர் கட்டினால் பத்து டிரான்ஸ்மிட்டர் வரும்.

பொன்னேரிப் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேலே பார்த்தால் ஒன்றுமில்லை, தூசியும் ஒட்டடையும். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு மனிதர் தெரிந்தார். வயர்களெல்லாம் செங்கோணத்தில் திரும்பின. கிடைக்காத மதிப்புக்கு மூன்று ரெசிஸ்டரைக் கோத்திருந்தார். ஓரிடத்தில் சேஸிஸில் தவறாகப் போட்ட துளையைத் தகடு வைத்து அடைத்து, பக்கத்தில் இன்னொன்று போட்டிருந்தார். சாப்ட்வேர்க்காரனான எனக்கு இது பழகிய காட்சி. என்றோ வேலையை விட்டுப்போன ஒருவர் எழுதிய கோடைப் படிக்கும்போது, ‘ஏன் இப்படிச் சுத்தி வளைச்சிருக்காரு?’ என்று முதலில் எரிச்சல் வரும். பிறகு காரணம் புரியும். அது புரிவதற்குள் திருத்தினால் காரணமும் போய்விடும்.

தமிழில் இதற்கு முன்மாதிரி தேடி வெளியே போக வேண்டியதில்லை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர், ஏட்டுக்கு ஏடு மாறிய சொற்களைப் பிரதிபேதமாகக் குறித்துவைத்த மரபின் பெருந்தச்சர். தனக்கு நன்றாகப் பட்டதை மூலத்தில் சத்தமில்லாமல் நுழைப்பது பதிப்பாசிரியர் வேலை இல்லை. கல்வெட்டின்மேல் மணலடித்துவிட்டு ‘திருப்பணி’ என்று சொல்லும் பழக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். டிரான்ஸ்மிட்டரைப் புதுப்பிப்பவர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு: ‘ஏடு ஷாக் அடிக்காது சார்!’ உண்மை. பழைய எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் உள்ளே காய்ந்துபோயிருக்கும்; எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் கொடுத்தால் வெடிக்கலாம். பேப்பர் கண்டென்சர் கசிந்தால் அடுத்த வால்வின் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, தகடு சிவக்கச் சிவக்க வால்வு சாகும். சேமித்த மின்சாரத்தை வடிக்கவேண்டிய பிளீடர் ரெசிஸ்டர் அறுந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் காத்திருக்கும். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை செய் என்று பழைய ஹாம்கள் சொன்னது இதனால்தான். இவற்றை மாற்றத்தான் வேண்டும். எர்த் இல்லாத இரட்டை வயரையும் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

என் விமர்சனம் மாற்றுவதைப் பற்றியதல்ல, மறைப்பதைப் பற்றியது. பழைய கண்டென்சரின் டப்பாவைக் குடைந்து, உள்ளே புதுசை வைத்து, மெழுகால் மூடும் ஒரு கலை இருக்கிறது. கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்துத் திறப்பவரிடம் அது பொய் சொல்கிறது. புதியது புதியதாகவே தெரியட்டும். எடுத்ததை ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி, சேஸிஸோடு கட்டிவைக்கலாம். வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்து அலங்கரிப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கடினமான இடம் ஒன்று உண்டு. இவ்வகைக் கருவிகள் சிலவற்றில் மோர்ஸ் சாவியை அழுத்தியதும் ஸ்வரம் சற்று வழுக்கும், குருவி கத்துவதுபோல. எதிர்முனையில் இருப்பவர் அதைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார். அது குறையா, குரலா? லேசான வழுக்கலை விட்டுவிடலாம் என்பேன். பக்கத்து அலைவரிசைக்காரரின் பேச்சைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் திருத்தியே ஆக வேண்டும். வானம் பொதுச்சொத்து. உயிருக்கும் அடுத்தவருக்கும் தீங்கு செய்வதை மாற்று, மற்றதை விடு, மாற்றியதை எழுதிவை. இதைவிட நுட்பமான கோட்பாடு எனக்குத் தேவைப்படவில்லை.

அவசரம் ஏன் என்றால், எங்கள் மாவட்டத்தில் பழைய இரும்பின் பயணம் மிகக் குறுகியது. வீட்டிலிருந்து காயலான் கடை, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகள், பிறகு யார் வீட்டுத் தளத்திலோ முறுக்குக் கம்பி. டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக்குத்தான் விலை; சர்க்யூட்டுக்குக் கிலோ கணக்கு கிடையாது. 1985இல் எரிந்த மூர் மார்க்கெட் இருந்திருந்தால், இப்படி ஒன்று சில மாதமாவது நடைபாதையில் யார் கண்ணிலாவது படக் காத்திருக்கும். இன்று அந்தப் பெயர், கும்மிடிப்பூண்டி லோக்கல் கிளம்பும் ஸ்டேஷனுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தாத்தாவின் பரணில் உச்சியில் தொப்பி போட்ட கண்ணாடிக் குழல் தென்பட்டால், பிளக்கில் மட்டும் சொருகாதீர்கள். விவரம் தெரிந்த, உரிமம் உள்ள ஒருவரைக் கூப்பிட்டுக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைப் போட்டோ எடுங்கள். டைரியோ லாக் புத்தகமோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஓட வைப்பது பிறகு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். படிக்க முடிந்தாலே பாதி வேலை முடிந்தது.