ஹீலியம் பிறந்த நாள் எது?

சென்ற ஆண்டு ஜொகூர் பாருவில் நடந்த மாணவர் வினாவிடைப் போட்டி ஒன்றில் நடுவராக அமரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. விஞ்ஞானச் சுற்றில் ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்டது எப்போது என்று ஒரு வினா. "1895-இல், ராம்ஸே" என்றான் ஒரு மாணவன். என் கையிலிருந்த விடைத்தாளில் "1868 ஆகஸ்டு 18, குண்டூர், ஜான்ஸென்" என்று இருந்தது. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நேரமாகிவிட்டது என்று கூறி, மதிப்பெண் இல்லை எனத் தீர்ப்பளித்துவிட்டேன். வீடு திரும்பி நூல்களைப் புரட்டியபோதுதான், பிழை அவனுடையதன்று, என்னுடையது என்பது விளங்கிற்று.

விடைத்தாள் எழுதியவரை நொந்து பயனில்லை. "இன்றைய நாளில் நடந்தவை" என்று ஏடுகளில் வரும் துணுக்குகளைப் பார்த்தே அவர் எழுதியிருக்க வேண்டும். அத்துணுக்குகளைப் பற்றித்தான் ஈண்டுச் சில சொல்ல விரும்புகிறேன்.

1957 அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் பறந்தது. நம் மலாயா விடுதலை பெற்று ஐந்து வாரங்கள்கூட நிறையவில்லை அப்போது. 1961 ஏப்ரல் 12-இல் ககாரின் வானவெளிக்குச் சென்றார். 1969 ஜூலை 20-இல் மனிதர் சந்திரனில் இறங்கினர். 2007 அக்டோபர் 10-இல் மலேசியரான டாக்டர் ஷேக் முஸாபர் சோயுஸ் கலத்தில் புறப்பட்டார். இவற்றுக்கெல்லாம் நாள் உண்டு, நாழிகையும் உண்டு. ஏவுகணை தரையை விட்டெழும் கணத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆண்டுநிறைவு கொண்டாடுவதற்கு இவற்றினும் ஏற்றவை இல்லை. ஆனால் ஒரு பொருளைக் கண்டறிவது ஏவுகணை விடுவது போன்றதன்று. துணுக்கு எழுதுவோர் இரண்டையும் ஒரே அச்சில் வார்க்கின்றனர். கோளாறு அங்கேதான் பிறக்கின்றது.

1868 ஆகஸ்டு 18-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம், உச்ச அளவில் ஏறத்தாழ 6¾ நிமிடம் நீடித்த அரிய கிரகணம். அதன் நிழல் ஏடனிலிருந்து இந்தியாவைக் கடந்து சயாமுக்குச் சென்றது. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் ஒரு பிரெஞ்சு வணிகரின் மாடியில் ஜான்ஸென் கருவிகளோடு காத்திருந்தார். சூரிய விளிம்பில் எழும் தீநாக்குகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்ப்பதே அவர் நோக்கம். பளிச்சென்ற கோடுகள் தோன்றின. தீநாக்குகள் ஹைட்ரஜனாலானவை என்று அறிந்தார். கோடுகளின் பேரொளியைக் கண்டதும் அவருக்கு வேறோர் எண்ணம் உதித்தது. இவ்வளவு பிரகாசமானவற்றைக் காணக் கிரகணம் எதற்கு? நிறமாலைக் கருவி வானின் வெளிச்சத்தைப் பரப்பி மங்கச் செய்யும், கோடுகளோ மங்கா. மறுநாள் காலை, கிரகணமில்லாத சூரியனிலேயே அவற்றைக் கண்டார். ஜான்ஸெனின் மெய்யான வெற்றி இதுவே. புதிய தனிமம் ஒன்றைக் கண்டதாக அவர் உரிமை கொண்டாடவில்லை.

மஞ்சள் கோடு ஒன்றும் அன்று தெரிந்தது மெய்தான். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்ஸன் கண்டார், சயாமில் ரேயே கண்டார், பிறரும் கண்டனர். பெரும்பாலோர் அதைச் சோடியத்தின் கோடென்றே கருதினர். அது சோடியத்தின் இரு கோடுகளோடும் பொருந்தாமல் சற்று விலகி நிற்கிறது என்று இங்கிலாந்தில் லாக்கியர் அளந்து காட்டியது அவ்வாண்டின் பிற்பகுதியில். சூரியனில் மட்டும் உள்ள ஒரு பொருளா என்று இரசாயன நூலார் பல்லாண்டு ஐயுற்றனர். 1895-இல் ராம்ஸே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து வெளிப்பட்ட வாயுவில் அதே மஞ்சள் கோட்டைக் கண்ட பின்னரே ஐயம் தீர்ந்தது. 1868-க்கும் 1895-க்கும் இடையே 27 ஆண்டுகள். இவற்றுள் எந்த நாளைப் பிறந்தநாள் என்பது?

"சிறுவர்கள் நினைவில் வைக்க ஒரு நாள் வேண்டாமா?" என்று கேட்கும் அன்பர்கள் உளர். வேண்டும், ஆனால் அந்த நாளில் என்ன நடந்ததோ அதையே சொல்ல வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நமக்கு வடக்கே தாய்லாந்தில் இருக்கிறது. அங்கு இதே ஆகஸ்டு 18-தான் தேசிய விஞ்ஞான தினம். ஹீலியத்துக்காக அன்று. மன்னர் மொங்குட் கிரகணத்தின் நேரத்தையும் இடத்தையும் தாமே கணித்து, வா கோ என்னும் கடற்கரை ஊரைத் தேர்ந்து, பிரெஞ்சு வானநூலாரையும் சிங்கப்பூரிலிருந்து நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஆர்டையும் அழைத்திருந்தார். கணக்குப் பொய்க்கவில்லை. அவ்விடத்தில் பற்றிய மலேரியாவால் மன்னர் அக்டோபர் 1-இல் மாண்டார். ஒரு கணக்கு மெய்யான நாள் அது. அதற்கு நாழிகையும் உண்டு. 1982-இல் இந்நாளைத் தேர்ந்தவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது.

குண்டூர்த் துணுக்கில் இன்னொரு குறையும் உண்டு. அதே கிரகணத்தைக் காண வனபர்த்திக்குச் சென்ற சென்னை வானாய்வகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. இவர் பெயர் நம் துணுக்குகளில் என் கண்ணில் பட்டதேயில்லை. 1867-இல் தென்வானில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் இவர். ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கொரு முறை ஒளி பெருகித் தேயும் அம்மீன், சென்னையைவிட நம் ஜொகூரில் உயர்ந்து தோன்றும். காணக் கருவி வேண்டும். 1871 டிசம்பர் 12-இல் நிகழ்ந்த முழுக் கிரகணத்தை அவிநாசியில் நோக்கிய குழுவிலும் இவர் இருந்தார். 1874 டிசம்பர் 9-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பொதுமக்கள் விளங்கிக்கொள்ள வேண்டுமென்று, பழைய முறைச் சித்தாந்தி ஒருவரோடு உரையாடும் பாங்கில் ஒரு சிறு நூல் எழுதினார். அது பல இந்திய மொழிகளில் வெளிவந்தது. ஐரோப்பியர் வந்து பார்த்துப் போன ஊரைக் கொண்டாடுகிறோம். இங்கேயே இருந்து இரவுதோறும் பார்த்தவரை விட்டுவிடுகிறோம்.

பிப்ரவரி 28 விஷயமும் இத்தகையதே. இந்தியாவின் அறிவியல் தினமாகிய அந்நாளில் ராமனைப் போற்றுவது தகும். ஆனால் 1928 மார்ச்சு 31-இல் 'நேச்சர்' இதழில் வந்த குறிப்பில் வத்திராயிருப்புக் கே. எஸ். கிருஷ்ணனின் பெயரும் இருக்கிறது. 1923-லேயே கே. ஆர். ராமநாதன் நீரில் அந்த மங்கிய ஒளியைக் கண்டிருந்தார். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் சில நாள் முன்னரே படிகங்களில் கண்டனர், வெளியிடத் தாமதித்தனர். இவற்றைச் சொல்வதால் ராமன் சிறுமையடைவார் என்று அஞ்ச வேண்டியதில்லை.

நாம் கொண்டாடாத ஒரு நாளையும் குறிப்பிட்டுவிடுகிறேன். 2019 டிசம்பர் 26-இல் வளையச் சூரிய கிரகணத்தின் பாதை திருச்சி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணத்தைத் தொட்டு, சுமாத்திராவைக் கடந்து, ஜொகூரின் தஞ்சோங் பியாய்க்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. காலையில் தமிழ்நாட்டார் கண்ட வளையத்தைப் பிற்பகலில் நாம் கண்டோம். தமிழர் வாழும் இத்தனை கரைகளை ஒரே நாளில் ஒரே நிழல் தழுவியது. ஆண்டுதோறும் அந்நாள் வந்து போகிறது. ஒரு துணுக்கையும் நான் கண்டதில்லை. 2031 மே 21-இல் மற்றொரு வளையக் கிரகணம் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து மலேசியத் தீபகற்பத்தின் வடபகுதிக்கு வரவிருக்கின்றது. பள்ளிகளில் இப்போதே கணக்கிடத் தொடங்கலாம்.

அந்த மாணவனுக்குரிய மதிப்பெண்ணைச் சேர்க்குமாறு போட்டிக் குழுவினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பரிசுகள் வழங்கியாகிவிட்டன என்று மறுமொழி வந்தது. பையனின் பெயரும் பள்ளியும் குறிப்பேட்டில் இருக்கின்றன. விடுமுறை முடிந்ததும் நேரில் போய்ப் பார்க்க எண்ணியுள்ளேன். அன்று அவன் சொல்ல வாயெடுத்தது என்னவென்று கேட்க வேண்டும்.