கோட்டின் மேல் அளக்கப்படும் வெளிச்சம்

சதுரங்கப் பலகை ஒன்றின் மேல் ஓர் உருளை நிற்கிறது. அதன் நிழல் பலகையில் சாய்ந்து விழுகிறது. நிழலுக்கு வெளியே உள்ள ஒரு கருப்புக் கட்டமும் நிழலுக்குள் உள்ள ஒரு வெள்ளைக் கட்டமும் உண்மையில் ஒரே சாம்பல் நிறம். எம்.ஐ.டி. பேராசிரியர் எட்வர்ட் ஏடெல்சன் 1995-இல் வெளியிட்ட இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் கண் இதை ஒப்புக்கொள்ளாது. இரு கட்டங்களுக்கும் குறுக்கே மென்பொருளில் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் வரும் ஒவ்வொரு பிக்சலின் மதிப்பையும் வரைபடமாக்கினால், இரண்டும் ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன. கண்ணால் தீர்க்க முடியாத வழக்கை ஒரு கோடு தீர்த்துவைக்கிறது.

இந்த வேலையை உலகெங்கும் பரவலாக்கியதில் இமேஜ்-ஜே மென்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் உருவாக்கி 1997 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் கருவி அது. படத்தைத் திறந்து, கோட்டை இழுத்து, விசைப்பலகையில் கே எழுத்தைத் தட்டினால் போதும். ஒரு காலத்தில் ஒளிப்படத் தகட்டை அங்குலம் அங்குலமாக அளக்கும் தனி இயந்திரம் இருந்த ஆய்வகத்தால் மட்டுமே செய்ய முடிந்ததை, இன்று பள்ளி மாணவரும் செய்கிறார். பழைய டிவிடி துண்டில் சி.எஃப்.எல். விளக்கின் ஒளியைப் பிரித்துக் கைபேசியில் படமெடுத்து ஒரு கோடு இழுத்தால், பாதரசத்தின் 436, 546 நானோமீட்டர் கோடுகள் கூர்மையான முகடுகளாக எழுகின்றன. தெரிந்த அந்த இரண்டு முகடுகளை வைத்துத் தெரியாத மற்றவற்றின் அலைநீளத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. பாராட்ட வேண்டிய மாற்றம் இது.

ஆனால் அந்த மாணவர் அளந்தது முகடு எங்கே இருக்கிறது என்பதைத்தான். 'எங்கே' என்ற கேள்விக்கு இந்த வரைபடம் நம்பகமான பதில் தரும். 'எவ்வளவு' என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சூரியனை எடுத்துக்கொள்வோம். அதன் வட்டு நடுவில் பிரகாசமாகவும் விளிம்பில் மங்கலாகவும் இருக்கும். விளிம்பை நாம் சாய்வாகப் பார்ப்பதால், அங்கிருந்து வரும் ஒளி மேலே உள்ள, வெப்பம் குறைந்த அடுக்கிலிருந்து வருகிறது. இந்த மங்கலின் அளவை வைத்தே வானியற்பியலாளர் கார்ல் சுவார்ட்ஷில்ட் 1906-இல், சூரியனின் வெளியடுக்குகளில் வெப்பம் முக்கியமாகக் கதிர்வீச்சாகவே கடத்தப்படுகிறது என்று வாதிட்டார். ஆக, அந்த வளைவின் சரிவு அழகுக்காகப் பார்ப்பதன்று. அதற்குள் இயற்பியல் இருக்கிறது.

பாதுகாப்பான சூரிய வடிகட்டி பொருத்திய கேமராவில் எடுத்த ஜேபெக் படத்தில் குறுக்கே கோடு போட்டால், குவிமாடம் போன்ற வளைவு வந்துவிடும். வடிவம் சரிதான். எண்தான் தவறு. கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் விளிம்பின் பிரகாசம் நடுப்பகுதியின் பிரகாசத்தில் ஏறத்தாழ 40 சதவீதம். எஸ்.ஆர்.ஜி.பி. எனும் வழக்கமான குறியீட்டு முறையில் சேமித்த படத்திலோ, நடுவில் 255 இருந்தால் விளிம்பில் 170 இருக்கும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. திரையில் பார்க்க இதமாக இருக்கவேண்டும் என்பதற்காக இருண்ட பகுதிகளுக்கு அதிக எண்களை ஒதுக்கும் முறை அது. அதில் 128 என்ற மதிப்பு பாதி வெளிச்சத்தைக் குறிப்பதில்லை. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வெளிச்சத்தையே குறிக்கிறது. செங்குத்து அச்சில் 'ஒளிர்வு' என்று எழுதி அந்த எண்களை நேராகப் படிப்பவர், சூரியனைப் பற்றித் தவறான முடிவுக்கே வருவார்.

இந்தச் சிக்கல் டிஜிட்டல் காலத்தில் பிறந்ததுமில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எடுக்கப்பட்ட கண்ணாடித் தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் இன்று டிஜிட்டலாக மாற்றி வைத்திருக்கிறது. தகட்டில் வெள்ளி கருமையாவது ஒளிக்கு நேர் விகிதத்தில் இல்லை. ஒளிப்பட ஆய்வாளர்கள் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890-லேயே ஒளிக்கும் கருமைக்கும் உள்ள உறவை வளைவாக வரைந்து காட்டிவிட்டார்கள். அதனால்தான் ஒளியளவு தெரிந்த படிக்கட்டுப் பட்டைகளையும் அதே தகட்டில் பதிந்து, கருமையை ஒளியாக மாற்றும் வழக்கம் வானியலாளரிடம் இருந்தது. ஒரு விசையில் வரைபடம் வந்துவிடும் இன்றைக்கு அந்தக் கவனம் தளர்ந்திருப்பது உண்மையான இழப்பு.

மற்ற குறைகள் இதைவிடச் சிறியவை, ஆனாலும் ஏமாற்றக்கூடியவை. மென்பொருள் செங்குத்து அச்சைத் தானாகவே தரவுக்கு ஏற்ப நீட்டிக்கொள்ளும். மூன்று நான்கு எண்கள் மட்டுமே ஏறி இறங்கும் இரைச்சல்கூட மலைத்தொடராகத் தெரியும். கோட்டை 25 பிக்சல் அகலமாக்கிச் சராசரி எடுத்தால் தற்செயல் இரைச்சல் ஐந்தில் ஒரு பங்காகும். ஆனால் அளக்கும் பட்டை சற்றே சாய்ந்திருந்தால் அதன் கூர்மையும் கூடவே கரைந்துபோகும். 255 என்ற மேல் எல்லையைத் தொட்டுத் தட்டையான உச்சியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அங்கே எவ்வளவு ஒளி வந்தது என்ற தகவலே அழிந்துவிட்டது.

உயிரியலில் வேறொரு ஆபத்து. செல்லுக்குள் இரண்டு புரதங்களுக்குச் சிவப்பும் பச்சையுமாகச் சாயமேற்றி, குறுக்கே ஒரு கோடு போட்டு, இரு முகடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதைக் காட்டி, 'இவை ஒரே இடத்தில் உள்ளன' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சாதாரண ஒளி நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. அதற்குள் இரண்டு புரதங்கள் எட்டவே நிற்கலாம். அதைவிட முக்கியம், அந்தக் கோட்டை இழுத்தது யார், எதற்காக அங்கே இழுத்தார் என்பது. ஒரு செல்லில் நூறு கோடுகள் போடலாம். முகடுகள் பொருந்திய ஒன்று மட்டும் அச்சில் வந்தால், வாசகர் பார்ப்பது ஆய்வாளரின் தேர்வைத்தான். பொருந்தாத கோடுகள் எத்தனை என்று கேட்க அவருக்கு வழியே இல்லை.

இமேஜ்-ஜேயில் கோட்டைத் தனிக் கோப்பாகச் சேமிக்கலாம். படத்தின் மேலேயே பதித்தும் வைக்கலாம். எத்தனை செல்களில், எந்த விதிப்படி கோடு போடப்பட்டது என்பதற்கு இரண்டு வரி போதும். இவற்றைக் கேட்டு வாங்குவது இதழாசிரியர்களின் கடமை. எண்ணை நம்பலாமா என்று பார்க்கவும் எளிய சோதனை உண்டு. வெயில் படும் வெள்ளைச் சுவரை, மற்ற அமைப்புகளை மாற்றாமல், 1/200 நொடியிலும் 1/100 நொடியிலும் படமெடுக்க வேண்டும். கேமராவின் ரா கோப்பில் (திரைக்காக மாற்றப்படாத மூலக் கோப்பு), அடிப்படைக் கருமை மதிப்பைக் கழித்துவிட்டால், இரண்டாவது எண் முதலாவதைப்போல் இருமடங்கு வரும். எஸ்.ஆர்.ஜி.பி. வளைவின்படி சேமித்த படத்தில் 124 இருந்த இடத்தில் ஏறத்தாழ 170 மட்டுமே வரும்.