எலுமிச்சம்பழமும் 'மீத்'தும்

ஊத்தங்கரைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்று உயரக் கம்பத்தின் உச்சியிலிருந்து வேஷக்காரர் எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் வேண்டி வந்தவர்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். இந்த அர்ச்சுனன் கதையை ஆங்கிலத்தில் 'மித்' என்று சொல்ல எனக்குப் பாதி மனசுதான். அந்தச் சொல்லோடு பொய் என்ற வாடையும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

பிரெஞ்சில் கொஞ்சம் பிரித்து வைத்திருக்கிறார்கள். தெய்வக் கதைக்கு 'மீத்'. ஊரையும் ஆளையும் சுற்றி வளர்ந்த கதைக்கு 'லெஜாந்த்'. மருத்துவத் துண்டறிக்கையில் 'மித்' என்று போட்டு மறுக்கும் தப்பெண்ணத்துக்கு 'இதே ரெஸ்யூ' பொருத்தம். விசாரிக்காமல் வாங்கிக்கொண்ட கருத்து என்று அர்த்தம். அருமையான சொல்.

ஆனால் 'மீத்' அங்கே பரவியதே 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் கிரேக்கக் கடவுளர் கதைக்கும் ஈசாப்பின் நரிக் கதைக்கும் 'ஃபாப்ல்' என்ற ஒரே சொல்! அந்தக் காலத்தில்தான் புதுச்சேரி மொழிபெயர்ப்பாளர் மரிதாஸ் பிள்ளை தமிழ்ப் பாகவதத்தைப் பிரெஞ்சில் ஆக்கினார். 1788இல் பாரீசில் அச்சானபோது தலைப்பில் 'ஃபாப்ல்' இல்லை. 'பாகவதம்' அப்படியே நின்றது. பக்கத்தில் 'தெய்வீகக் கோட்பாடு' என்று விளக்கம். பிரெஞ்சு அறிஞர் பர்னூஃப் பாகவதத்தைச் சமஸ்கிருதத்திலிருந்து நேராகப் பெயர்த்த முதல் தொகுதி 1840இல்தான் வந்தது. தமிழ் வழி அரை நூற்றாண்டு முந்திக்கொண்டது.

இப்போது பாரீஸ் இளவட்டங்கள் புளுகுகிறவனை 'மிதோ' என்கிறார்கள். நம்மூரில் அவன் ரீல் விடுகிறவன்.