ஒரே யோசனை: ஒன்பது கேள்விகளும் ஒரு மொழிபெயர்ப்புப் பிரச்சனையும்

ஜி.யு. போப் 1840களில் சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர். பின்னாளில் இங்கிலாந்தில் இருந்துகொண்டு குறளை 1886-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ‘உருகுதல்’ ஆங்கிலத்தில் முழுசாக ஏறுமா என்று அப்போதிருந்தே பேசிக்கொண்டிருக்கிறோம். இன்று சரக்கு எதிர்த்திசையில் வருகிறது. துயரம் ஆங்கிலத்தில் வினாத்தாளாகி, தமிழில் பெயர்க்கப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையம்வரை வந்து சேர்கிறது. இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. இதுவும் ஒரு பிரதிதான்.

பிஎச்கியூ-9 என்பதை எடுத்துக்கொள்வோம். கடந்த இரண்டு வாரம் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்றுவரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கணக்கு. 2001-ல் வெளியான இந்தத் தாளை, அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்தவர்களை வைத்து, பைசர் மருந்துக் கம்பெனியின் பணத்தில் உருவாக்கினார்கள். கம்பெனி பெயரைச் சொன்னதுமே விமர்சனம் முடிந்துவிட்டதாக நம் தோழர்கள் நினைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. சிக்கல் கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது.

‘மனச்சோர்வு’ அச்சுத்தமிழ். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. “ஒரே யோசனையா இருக்கு”, “நெஞ்சு அடைக்கு”, “ஒறக்கமே இல்ல” என்பார்கள். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியிலும் இதேபோல் ஒரு வழக்கு உண்டு: ‘குஃபுங்கிசிசா’, அளவுக்கு மீறி யோசித்தல். விக்ரம் படேலும் உடன் உழைத்தவர்களும் இந்த மாதிரி வழக்குகளைக் கேட்டுத் திரட்டி, 1997-ல் பதினான்கு கேள்விகளை அந்த மொழிக்குள்ளிருந்தே அமைத்தார்கள். நம் ‘யோசனை’க்கு மட்டும் தாளில் இடம் கிடைக்கவில்லை.

தூத்துக்குடி உப்பளத்துக்கு விடியுமுன்னே போகிற பெண்ணிடம் அசதி உண்டா, தூக்கம் கெடுகிறதா என்று கேளுங்கள். தினமும்தான். ஆறு மதிப்பெண் அளத்திலேயே கிடைத்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இல்லாமல் வட்டிக்காரன் வாசலில் நிற்கிற இரண்டு வாரத்தில் கேட்டால் பாக்கி நான்கும் வந்துவிடும். மறுபக்கமும் உண்டு. நிஜமாகவே உள்ளுக்குள் உடைந்துபோனவள், “இது எல்லாருக்கும் உள்ளதுதானம்மா” என்று பூஜ்யத்தில் நின்றுவிடுவாள். ஆகவே அங்கே பத்து என்பதும் இங்கே பத்து என்பதும் ஒரே எண், அவ்வளவுதான்.

அதற்காக ‘நம் துயரம் வேறு, அதை அளக்கவே முடியாது’ என்று கிளம்பினால் அதையும் ஏற்க முடியாது. கோவாவில் ஆரம்ப சுகாதார மையங்களுக்கு வந்தவர்களிடம் ஐந்து வினாத்தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான முடிவின்படி ஐந்துமே ஓரளவு வேலை செய்தன. முன்னால் நின்றவற்றில் ஒன்று, தலைவலியையும் செரிமானத்தையும் கை நடுக்கத்தையும் கேட்கிற உலக சுகாதார நிறுவனத்தின் எஸ்ஆர்க்யூ-20. உடம்பு வழியே கேட்டால் பதில் வருகிறது. ஆனால் கோட்டை எந்த எண்ணில் போடுவது என்பதை அந்தந்த ஊரில் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

அளக்காதே என்றால் யாருக்கு லாபம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் பிரசவித்த பெண்களிடம் தமிழில் கேள்வி கேட்டு நடத்திய ஆய்வு 2002-ல் வந்தது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்து பெண் பிறந்தது, மாமியாரோடு பிணக்கு, ஒத்தாசைக்கு ஆளில்லாதது எல்லாம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வோடு சேர்ந்து வந்தன. குடும்பம் என்கிற நிறுவனத்தின் மேல் எண்ணாலேயே வைக்கப்பட்ட குற்றச்சாட்டு இது. கலாச்சாரத் தனித்தன்மை பேசுகிற ஆண்கள் (நானும் பேசியிருக்கிறேன்) இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

பிஎச்கியூவின் ஒன்பதாவது கேள்வி சாவு பற்றியது. தற்கொலைக்கு முயல்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஆனால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயம் சட்டத்தோடு சேர்ந்து போய்விடவில்லை. தாளை மருத்துவமனை வரவேற்பறையில் தனியாக உட்கார்ந்து நிரப்புவது ஒன்று. நர்ஸம்மா வீட்டுக்கு வந்து, பேனாவோடு, திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்க, உரக்க வாசித்துக் கேட்பது இன்னொன்று.

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல” என்பாள். பூஜ்யத்தில் ஒரு டிக் விழும்.