ஐம்பத்தைந்து வருடத்தை யார் சுமந்தது?

‘தி தியரி ஆஃப் எவ்ரிதிங்’ (2014) எனக்குப் பிடித்த படம்தான். எடி ரெட்மெய்னுக்கு ஆஸ்கர் கொடுத்ததில் ஒரு புகாரும் இல்லை. என் சண்டையெல்லாம் அதைப் பார்த்துவிட்டு நாம் எழுதுகிற குறிப்புகளோடு. “டாக்டர் ரெண்டு வருஷம்னாரு, மனுஷன் மனஉறுதியால அம்பத்தஞ்சு வருஷம் வாழ்ந்து காட்டிட்டாரு.” எத்தனை தன்னம்பிக்கைக் கட்டுரைகளில் இதைப் படித்திருப்போம்!

1963-ல், 21 வயதில் ஹாக்கிங்குக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது. 2018-ல் 76 வயதில் இறந்தார். இந்நோயின் பரவலான வடிவமான ஏஎல்எஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் அறிகுறி தொடங்கி இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் போய்விடுகிறார்கள். பத்து வருடம் தாண்டுபவர் பத்தில் ஒருவர். மீதி ஒன்பது பேருக்கு மனஉறுதி இல்லையா?

பதிலில் பாதி நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி என்ற மருத்துவர்கள் ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்ற வகையை விவரித்தார்கள். இளவயதில் வரும், கைகால் மெலியும், காது மந்தமாகும். ஆனால் நிதானமாக நகரும், பல வருடங்கள் விட்டுவைக்கும். ஆக, ஆயுளில் ஒரு பங்கு நோயின் வகையைப் பொறுத்தது. ஹாக்கிங்குடையதும் மெதுவாக நகர்ந்த ஒன்றுதான்.

மீதிப் பாதி, படத்துக்கு மூலமான ஜேன் ஹாக்கிங்கின் நினைவுக்குறிப்பில் இருக்கிறது. 1985-ல் ஜெனிவாவில் நிமோனியா. வென்டிலேட்டரை நிறுத்த ஜேன் சம்மதிக்கவில்லை. பிறகு தொண்டையில் துளை, 24 மணிநேரமும் நர்ஸ்கள், அந்தச் செலவுக்கு அமெரிக்க அறக்கட்டளையின் பணம். படம் ஜேனின் மறுப்பை வைத்துக்கொள்கிறது; நர்ஸ்களில் ஈலேனைக் காதல் கதைக்காக முன்னே கொண்டுவருகிறது. சளி உறிஞ்சி எடுக்கிற ராத்திரிகளுக்கும் சம்பளக் கணக்குக்கும் அதில் பெரிய இடமில்லை. கடைசியில் காலம் பின்னோக்கி ஓடுகிற அந்த அழகான காட்சியிலும் அந்த ராத்திரிகள் திரும்பி வருவதில்லை.

மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பஸ் ஏறி மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வருகிற ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். “இன்னும் எவ்வளவு நாள் சார் இருப்பாரு?” என்ற கேள்விக்குள் இன்னும் நாலு கேள்வி இருக்கிறது. யார் வேலையை விட்டுட்டுப் பக்கத்தில் இருப்பது? ராத்திரி யார் புரட்டிப் படுக்கவைப்பது? மூச்சு மெஷினுக்குப் பணம்? கரன்ட் போனால்? ரிலுசோல் மாத்திரை சில மாதங்களைத் தரலாம். இந்தக் கேள்விகளுக்கு அதனிடம் பதிலில்லை.

அந்த மனுஷன் மூன்றாம் வருடம் இறந்துபோனால், அவர் ஹாக்கிங் அளவுக்குப் போராடவில்லை என்றுதான் நம் ‘மனஉறுதி’ விமர்சனம் சொல்லாமல் சொல்கிறது. படத்தைத் தாராளமாகப் பாராட்டுவோம். ஆனால் அடுத்த முறை ஐம்பத்தைந்து என்று எழுதும்போது, பக்கத்திலேயே ஜேனையும் பெயர் தெரியாத அந்த நைட் ஷிஃப்ட் நர்ஸ்களையும் எழுதிவிடுவோம்.